கூடார வாசலில் நின்ற தெய்வம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியின் நொய்கெல்ன் பகுதித் தேவாலயத்தின் ஆலோசனை அறை பூட்டியிருக்கும். அன்று அது திறந்திருந்ததற்குக் காரணம், சந்திரகாந்திக்குக் கண்ணயர வேறு இடம் இல்லாததுதான். ஹைம் என்ற அகதிகள் விடுதியில் அவருடைய அறையை மூன்று பெண்களும் ஒரு கைக்குழந்தையும் பகிர்ந்துகொண்டார்கள். இங்கே ஒரு ஹீட்டரும், கை உடைந்த நாற்காலி ஒன்றும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்தவர், இப்போது தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்கு மொழிபெயர்க்கிறார். ஒவ்வொருவர் கதையையும் தமிழில் ஒருமுறை கேட்டு, பிறகு ஜெர்மனில் ஒருமுறை சொல்லவேண்டும். ஒரே துக்கத்தை இரண்டு தரம் சுமக்கிற அந்த வேலை அவரை ஐம்பது வயதுக்குள் கிழவியாக்கியிருந்தது.

பக்கத்து மேசையில் ஜேசுரட்ணம் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஊரில் தபாலதிபர், இங்கே உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர். ஓய்வு நாட்களில் சந்திரகாந்திக்கு உதவி செய்ய வந்துவிடுவார். யார் எதைத் தொலைத்தாலும் அதில் ஒரு மர்மம் இருக்கும் என்று நம்புகிற மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் யாருடனும் கதைக்கும் நிலையில் இல்லை. முந்தின மாலை தேவாலய மண்டபத்தில் நடந்தது அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள் புஸ்பவதி. கோட்டின் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன.

"அக்கா, என்ரை மனுசன் புவனேந்திரனைக் காப்பாத்துங்கோ. பொலிசுக்கு அறிவிக்கப் போயினமாம். செவ்வாய்க்கிழமை இவருக்குத் தஞ்ச விசாரணை, டேர்மின் நாள் குறிச்சிருக்கினம். கள்ளன் எண்டு ஒரு கடதாசி போனால் பேந்து ஆர் இவரின்ரை கதையைக் கேக்கப் போகினம்?"

சந்திரகாந்தி கண்ணைத் திறந்தார். "இருங்கோ புஸ்பவதி. முதல்லை மூச்சை விடுங்கோ. ஜேசு, இவவுக்குத் தேத்தண்ணி ஊத்தும். நேற்று நீரும் அங்கை நிண்டனீர்தானே? நடந்ததை நீர் சொல்லும். இவ அழாமல் இருக்கட்டும்."

ஜேசுரட்ணம் சொன்னது இதுதான்.

சென்னையிலிருந்து வந்து இங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் சேஷாத்ரி, பழைய கிரேக்க நாடகம் எப்படிப் பிறந்து வளர்ந்தது என்பதை மேடையிலேயே காட்ட விரும்பினான். வட்டமாக நின்று பாடி ஆடத் தெரிந்தவர்கள் வேண்டுமென்று ஹைமுக்கு வந்து ஆள் சேர்த்தான். ஊரில் கூத்தாடிய ஜேசுரட்ணம் பாடற்குழுவின் தலைவரானார். மண்டபத்தின் நடுவே வெள்ளைத் துணி போர்த்திய ஒரு மரப்பெட்டி. அதுதான் வைன் தெய்வத்தின் பலிபீடம். முதற்கட்டத்தில் பீடத்தைச் சுற்றி ஆட்டமும் பாட்டும் மட்டும். இரண்டாம் கட்டத்தில் கூட்டத்திலிருந்து ஒருவன் விலகி நின்று, பாடுகிறவர்களுக்குப் பதில் சொல்கிறான். உலகத்தின் முதல் நடிகன் அவன்தான் என்று சேஷாத்ரி சபைக்கு விளக்கினான். பிறகு இன்னொரு நடிகன் வருகிறான், வாக்குவாதம் பிறக்கிறது. கடைசிக் கட்டத்தில் மூன்றாமவன். அவன் உடை மாற்றுவதற்காகப் பின்னால் போட்ட கூடாரமே பிற்காலத்தில் மாளிகையாகவும் கோயிலாகவும் மேடைக்காட்சியாகவும் வளர்ந்தது என்று சொல்லிவிட்டு, மூன்றாம் நடிகனாக சேஷாத்ரியே அந்தக் கூடாரத்துக்குள் போனான்.

"பேந்து?" என்று கேட்டார் சந்திரகாந்தி.

"கூடாரத்தின்ரை திரை விலகினது அக்கா. வாசலிலை தெய்வம் நிண்டது. உயரமான நெத்தி வைச்ச முகமூடி, நிலம் தொடுற வெள்ளை அங்கி. நாங்கள் முழுப் பாட்டையும் அதுக்கு முன்னாலை பாடி ஆடினம். மற்ற ரெண்டு நடிகரும் எங்களோடை வெளியிலை. பாட்டு முடிய, திரை மூடித் திரும்ப விலகினது. சேஷாத்ரி வெளியிலை வந்து தீர்ப்புச் சொன்னவர். தலையை ஒரு பக்கமும் ஆட்டாமல், தலையிலை தண்ணிக்குடம் தூக்கிறவை மாதிரி நிமிர்ந்து வந்தவர். தெய்வம் எண்டால் அப்பிடித்தான் எண்டு சனம் கை தட்டினது."

கூடாரத்தின் முதுகு பின்னறையின் கதவை ஒட்டியிருந்தது. அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன மண் முகமூடி இருந்தது, உள்ளங்கையளவு. கிரேக்க நடிகர்கள் அணிந்த துணி முகமூடிகள் எல்லாம் உக்கி அழிந்துவிட்டன. கோயில்களில் காணிக்கையாகத் தொங்கவிட்ட மண் மாதிரிகள்தான் மிச்சம். இது அப்படி ஒன்று என்று, அதன் சொந்தக்காரியான முதிய லிண்ட்னர் அம்மையார் இரவல் கொடுத்திருந்தார். நிகழ்ச்சி முடிந்து விருந்தினர்கள் பார்க்கப் போனபோது பெட்டி பூட்டியபடி வெறுமையாக இருந்தது. திறப்பு, அந்தப் பெட்டியின் சாவி, வழக்கம்போல ஆணியில் தொங்கியது.

"பாதிரியார் எல்லாரின்ரை பையையும் பார்த்தவர். ஒண்டும் இல்லை," என்றார் ஜேசுரட்ணம். "பின்னுக்கு இருந்தது புவனேந்திரன் மட்டும்தான். கூடாரத்துக்கு வெளியாலை, மூலையிலை, லைட் சுவிச்சும் திரைக் கயிறும் அவரிட்டை. அங்கை ஒரு பக்கக் கதவு பின்னறைக்குப் போகுது. மற்ற எல்லாரையும் சனம் கண்ணாலை கண்டது."

"அவர் எடுக்கேல்லை," என்றாள் புஸ்பவதி. 

சந்திரகாந்தி நாற்காலியிலிருந்து எழும்பினார். முழங்கால்களில் நெட்டி முறிகிற சத்தம் கேட்டது. "வாங்கோ, மண்டபத்தைப் பாப்பம். ஜேசு, உம்மடை முகம் ஏன் இப்பிடி இருக்கு? வேறை என்ன நடந்தது?"

ஜேசுரட்ணம் தரையைப் பார்த்தார். "வெக்கக்கேடு அக்கா. முதல் நாள் விடிய விடிய வேலை. பாட்டின்ரை நடுவிலை எனக்குக் கால் விட்டிட்டுது. தெய்வத்துக்கு முன்னாலை, அந்தப் பலிபீடத்திலையே குந்தி இருந்திட்டன். மற்றவை என்னைச் சுத்திப் பாடிக்கொண்டே ஆடிச்சினம். பாட்டு முடியுமட்டும் என்னாலை எழும்ப ஏலாமல் போச்சு. சனம் அதுவும் நாடகம் எண்டு நினைச்சிட்டுது. சேஷாத்ரிக்கு முகத்தைக் காட்டவே கூச்சமாக் கிடக்கு. களவு தெரியவந்த களேபரத்திலை ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. அந்தளவிலை தப்பினன்."

"பாவம். சாப்பிட்டுட்டு நித்திரை கொள்ளும்," என்றார் சந்திரகாந்தி. அவ்வளவுதான்.

மண்டபத்தில் புவனேந்திரன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. சும்மா இருக்கப் பயந்து செய்தான். முப்பது வயதுக்காரன், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளியே நவம்பர் மழை தூறியது. நடுவே பீடம் அப்படியே கிடந்தது. கூடாரத்துக்குள் ஓர் உடுப்புத் தாங்கி, ஆள் உயரத்துக்கு, தெய்வத்தின் அங்கியைச் சுமந்து நின்றது. நிகழ்ச்சி முடிந்ததும் பார்வையாளர்களுக்காகச் சுவரில் மாட்டிய, நடிகர்கள் அணிந்த மூன்று காகிதக்கூழ் முகமூடிகளும் வாயைத் திறந்தபடி தொங்கின.

சந்திரகாந்தி புவனேந்திரனின் மூலையில் போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து கூடாரத்தின் கித்தான் மட்டுமே தெரிந்தது. உள்ளே யார் நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று எதுவும் தெரியவில்லை.

"தம்பி, பின்னறையிலை ஏதும் சத்தம் கேட்டதோ?"

"பாட்டும் மத்தளமும்தான் கேட்டது அக்கா. நான் கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு அடுத்த சைகைக்குக் காத்திருந்தனான்."

"ஒத்திகைக்கும் நேற்றைக்கும் ஏதாவது வித்தியாசம்?"

புவனேந்திரன் யோசித்தான். "ஒண்டு. ஒத்திகையிலை சேஷாத்ரி அந்த மண் முகமூடியைப் பற்றித்தான் கனக்கக் கதைக்கிறவர். அந்த உயர நெத்தி பிற்காலத்திலைதான் வந்தது எண்டு எல்லாரும் சொல்லினமாம், ஆனால் அதுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியே இருந்தது எண்டதுக்கு இது ஒண்டுதானாம் சாட்சி. அதை வைச்சுத்தான் தன்ரை ஆய்வே நிக்குது எண்டு சொல்லுவார். நேற்று அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. நான் லைட்டை அதுக்கெண்டு மங்கலாக்கக் காத்திருந்து, பேந்து விட்டிட்டன்."

ஜேசுரட்ணத்துக்கு உற்சாகம் பிறந்தது. "அக்கா, பதட்டத்திலை மறந்திருப்பார். ஆனால் அந்த லிண்ட்னர் அம்மாவைப் பற்றி யோசிச்சனீங்களோ? காப்புறுதி இன்சூரன்ஸ் காசு வாங்கத் தானே ஒளிச்சு..."

"காப்புறுதியே இல்லையாம். இஞ்சை வர முந்தியே பாதிரியாரிட்டைப் போனிலை கேட்டிட்டன்," என்றார் சந்திரகாந்தி. சுவரருகே போய் மூன்று முகமூடிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி, கையில் வைத்துப் பார்த்துத் திரும்ப மாட்டினார். மூன்றாவதை மாட்ட மட்டும் அவருக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வந்த கொட்டாவியை மறைக்காமல் விட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு சேஷாத்ரி வந்தான். ஆடைகளையும் முகமூடிகளையும் எடுத்துப்போகப் பெரிய பையொன்று கொண்டுவந்திருந்தான். படித்த களை உள்ள, மெல்லிய இளைஞன். கண்ணின் கீழ் கருவளையம்.

"மேடம், நீங்க லாயரா? ரொம்ப நல்லது. புவனேந்திரன் இதைப் பண்ணியிருப்பாருன்னு என்னால நம்பவே முடியல. பட், பாதிரியார் என்ன பண்ணுவார்? அந்த அம்மா கம்ப்ளெய்ன்ட் பண்ணினா..."

"உங்களை அதிகம் மினக்கெடுத்தமாட்டன். நீங்கள் வாசலிலை நிக்கேக்கை சபை முழுதும் உங்களுக்கு நேரை இருந்தது. ஆராவது எழும்பிப் பின்பக்கம் போனதைக் கண்டனீங்களோ?"

"இல்ல மேடம். எல்லாரும் உக்காந்துதான் இருந்தாங்க. மாஸ்க்ல கண்ணுக்குப் பெரிய ஓட்டைதான், நல்லா தெரியும்."

"பாட்டு எப்பிடிப் போனது?"

"பர்ஃபெக்ட்! ஒத்திகையில பண்ணின மாதிரியே. பாட்டு முடியற வரைக்கும் கோரஸ் பீடத்தைச் சுத்தி நிக்காம ஆடினாங்க. ஜேசுரட்ணம் சார்தான் லீட். அவர் கால் ஒரு தடவை கூடத் தப்பல."

ஜேசுரட்ணத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. எவ்வளவு நல்ல பிள்ளை, தன் மானத்தை எல்லார் முன்னிலையிலும் காப்பாற்றுகிறானே என்று நினைத்தார். நன்றியோடு சேஷாத்ரியைப் பார்த்துச் சிரித்தார். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் பார்வை சுவர்ப்பக்கம் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி லிண்ட்னர் அம்மையார் வந்தார். கறுப்புத் தொப்பியில் மழைத்துளிகள். அவர் கோபமாக இல்லை. வெகுதூரம் நடந்து களைத்தவரைப்போல இருந்தார். சந்திரகாந்தி அவரிடம் ஜெர்மனில் கேட்டு, பதிலைத் தமிழில் மற்றவர்களுக்குச் சொன்னார்.

"நிகழ்ச்சியில் உங்களுக்கு எது பிடித்தது, அம்மா?"

"அந்தத் தெய்வம். பாட்டு முழுவதும் ஒருவர் அப்படி அசையாமல் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. மூச்சுக்கூட விடவில்லை."

"உங்கள் முகமூடியை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?"

"நாளைக்கு ஹம்பேர்க்கிலிருந்து ஒரு நிபுணர் வருவதாக இருந்தது. போன கோடையில் சேஷாத்ரிதான் ஆசையாக ஏற்பாடு செய்தார். ஆனால் போன கிழமை, முகமூடியைத் துடைத்துச் சுத்தம் செய்யக் கொண்டுபோனவர், திருப்பித் தரும்போது அந்தச் சந்திப்பைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார். எனக்கு வயதாகிறது, தள்ளிவைக்க வேண்டாம் என்றேன்."

சந்திரகாந்தி தலையாட்டினார். எல்லாரையும் உட்காரச் சொன்னார். பாதிரியார், லிண்ட்னர் அம்மையார், சேஷாத்ரி, புவனேந்திரன், புஸ்பவதி, ஜேசுரட்ணம். அவர் மட்டும் எழும்பி, பீடத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றார்.

"என்னட்டைக் கேட்டது, புவனேந்திரன் எடுத்தவரோ எண்டு. அவருக்கு எதிராக ஒரே ஒரு நியாயம்தான் இருக்கு. பாட்டு நேரத்திலை மற்ற எல்லாரையும் சபை கண்டது, அவரை ஒருத்தரும் காணேல்லை. அப்ப, சபை உண்மையிலை ஆரைக் கண்டது எண்டு பாப்பம். பாடினவையின்ரை முகம் தெரிஞ்சது. மற்ற ரெண்டு நடிகரும் கதைச்சவை, ஆடினவை. மூன்றாவது ஆள்? சபை கண்டது ஒரு முகமூடியும் ஒரு அங்கியும். அதுக்குள்ளை ஆள் நிண்டதை ஒருத்தரும் காணேல்லை."

சேஷாத்ரியின் கை பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.

"கூடாரத்துக்குள்ளை ஆள் உயரத்திலை ஒரு உடுப்புத் தாங்கி நிக்குது. அதிலை அங்கியைப் போட்டு, மேலை முகமூடியைக் கொழுவினால், திரை விலகேக்கை தெய்வம் வாசலிலை நிக்கும். மூச்சு விடாது. அம்மா கண்டது அதைத்தான். உள்ளை நிக்கவேண்டிய ஆள் கூடாரத்தின்ரை முதுகுப் பக்கத்தாலை பின்னறைக்குப் போகலாம்."

"மேடம், இது வெறும் ஊகம். நான் அங்கதான் நின்னேன்."

"நிண்டிருந்தால், உங்களுக்கு நேரை, ரெண்டு எட்டுத் தள்ளி நடந்ததைக் கண்டிருப்பியள். சபை முழுதும் கண்டதை நீங்கள் மட்டும் காணேல்லை." அவர் ஜேசுரட்ணத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிப்புக் கேட்கும் சாயல் இருந்தது. "சொல்லும் ஜேசு."

அப்போதுதான் ஜேசுரட்ணத்துக்கு விளங்கியது. நெஞ்சில் இருந்த நெகிழ்ச்சி அப்படியே கல்லாகியது. "நான் ஆடேல்லை," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பாதிப் பாட்டிலை இந்தப் பீடத்திலை இருந்திட்டன். முடியுமட்டும் எழும்பேல்லை. நீங்கள் என்ரை மானத்தைக் காப்பாத்திறியள் எண்டு நினைச்சன் தம்பி."

பாதிரியாருக்குச் சந்திரகாந்தி மொழிபெயர்த்துச் சொன்னதும், அவர் தானும் அதைக் கண்டதாகத் தலையசைத்தார். லிண்ட்னர் அம்மையாரும் அசைத்தார்.

"பாட்டுச் சத்தம் நிக்கேல்லை. அதாலை பின்னறையிலை நிண்டவருக்கு ஒண்டும் தெரிய வரேல்லை," என்று தொடர்ந்தார் சந்திரகாந்தி. "திரை மூடினவுடனை வந்து அங்கியையும் முகமூடியையும் போட்டுக்கொண்டு வெளியிலை வந்தவர். தலையை ஆட்டாமல் வந்தவர் எண்டு ஜேசு சொன்னார். ஏன்? பைகளைத் தேடுவினம் எண்டு தெரியும். எல்லாரின்ரை கண்ணுக்கும் முன்னாலை சுவரிலை தொங்கிற பொருளை ஒருத்தரும் தேடமாட்டினம். ஜேசு, அந்த மூன்றாவதை, தெய்வத்தின்ரை முகமூடியை இறக்கும்."

ஜேசுரட்ணம் இறக்கினார். காகிதக்கூழுக்கு இருக்கவேண்டிய கனம் அல்ல அது. உயர்ந்த நெற்றியின் உள்ளே பஞ்சு அடைத்திருந்தது. பஞ்சை இழுத்தபோது, உள்ளங்கையளவு மண் முகம் ஒன்று வாயைத் திறந்தபடி அவர் கையில் வந்து விழுந்தது.

புஸ்பவதி சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். 

"விக்கிறதுக்கு இல்லை மேடம்," என்றான் சேஷாத்ரி கடைசியில். "சத்தியமா இல்லை. அதுல மேல ரெண்டு ஓட்டை இருக்கு பாருங்க, கயிறு கட்டித் தொங்கவிட. அந்தக் காலத்துல களிமண் ஈரமா இருக்கும்போதே குச்சியால குத்துவாங்க. ஓரம் பிதுங்கி இருக்கும். போன வாரம் அழுக்கை எடுத்துட்டு லென்ஸ்ல பார்த்தேன். ஓரம் சுத்தமா இருக்கு. சுட்டதுக்கு அப்புறம் மெஷின் வச்சுத் துளை போட்டிருக்காங்க. இது போலி. என்னோட நாலு வருஷ தீசிஸ் இந்த ஒரு நெத்தி மேலதான் நிக்குது. எல்லா செமினார்லயும் பேசிட்டேன். ஹம்பேர்க்காரர் பார்த்தா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவார். காணாமப் போயிட்டா யாரும் நிரூபிக்க முடியாது. கால்வாய்ல போட்டுடலாம்னு இருந்தேன். புவனேந்திரன் மேல பழி வரும்னு நான் நினைக்கவே இல்லை."

"வந்த பிறகு?"

அவன் பையைத் தரையில் இறக்கி வைத்தான்.

சந்திரகாந்தி எல்லாவற்றையும் மெதுவாக ஜெர்மனில் சொன்னார். நடுவில் ஒருமுறை நிறுத்தி நெற்றியைத் தேய்த்தார். லிண்ட்னர் அம்மையார் மண் முகத்தை வாங்கி, விரலால் அந்தத் துளைகளைத் தடவினார். உலகப் போருக்கு முன்பு தன் கணவர் ஏதென்ஸில் ஒரு வியாபாரியிடம் வாங்கியது என்றார். அவர் இறக்கும்வரை தினமும் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், அவருக்கு இது தெரியாமல் போனது நல்லது என்றார். பொலிசில் முறைப்பாடு எதுவும் கொடுக்கப் போவதில்லை. ஹம்பேர்க் நிபுணர் நாளை வரட்டும், சேஷாத்ரியே அவர் முன்னால் உண்மையைச் சொல்லட்டும். அது மட்டும் போதும்.

சேஷாத்ரி எழும்பி புவனேந்திரன் முன்னால் போய் நின்றான். "என்னை மன்னிச்சிடுங்க" என்றான். 

புவனேந்திரன் அவனைப் பார்த்தான். அதுவரை குனிந்தே இருந்தவன், அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தான்.

"நீங்கள் என்ரை பேரைச் சொல்லேல்லை. எனக்கு அது தெரியும். ஆனால் ஒருத்தரும் சொல்லாமலே எல்லாரும் என்னைத்தான் பார்த்தவை. ஹைமிலை என்னோடை ஒரே அறையிலை படுக்கிற பெடியங்களும் பார்த்தவை. அந்த லைட்டெல்லாம் சரியான நேரத்துக்கு எரிஞ்சது. அதுக்கு ஆள் ஒண்டு அங்கை இருந்திருக்க வேணும் எண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை." மூச்சு வாங்கினான். "மன்னிக்க எனக்கு இப்ப தெம்பில்லை. செவ்வாய்க்கிழமை முடியட்டும். பேந்து பாப்பம்."

ஜேசுரட்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முந்தின மாலை புவனேந்திரனைத் திரும்பிப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

மழை விட்டிருந்தது. ஊ-பான் சுரங்க ரயில் நிலையத்துக்குச் சந்திரகாந்தியும் ஜேசுரட்ணமும் நடந்தார்கள். ஜேசுரட்ணத்துக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, எப்ப அவரிலை சந்தேகம் வந்தது?"

"நான் கள்ளனைத் தேடேல்லை ஜேசு. புவனேந்திரனைப்போல சாட்சி இல்லாத இன்னொரு ஆள் இருக்கோ எண்டுதான் தேடினனான். ஒரு ஆள் போதும், வழக்கு நிக்காது. சேஷாத்ரி உம்மடை ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறந்திராவிட்டால் அதோடை விட்டிருப்பன். அதுவும் ஒரு தாய் அனுப்பின பிள்ளைதான். நாளைக்கு அந்த நிபுணருக்கு முன்னாலை எப்பிடி நிக்கப்போகுதோ."

"இரக்கப்படுறியளோ?"

"இரக்கப்பட நேரமில்லை. இப்ப ஹைமுக்குப் போய்ப் புவனேந்திரனோடை இருந்து, அவரின்ரை ஊரிலை என்ன நடந்தது எண்டு முதலிலையிருந்து கேக்கவேணும். ரெண்டு தரம் சொல்லிப் பழகவேணும், செவ்வாய்க்கிழமை அங்கை அழாமல் சொல்லுறதுக்கு." படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு கணம் நின்றார். "நீரும் வாரும். அவர் பேசேக்கை, எனக்குப் பக்கத்திலை ஒரு ஆள் அவரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும்."

ஜேசுரட்ணம் அவருடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் கீழே இறங்கினார்கள்.